அடுத்த பாட்டு 13 மீட்டர் தூரத்தில்

எங்கள் வீட்டு மாருதி ஆம்னியில் ஒரே கேசட் பல வருஷம் ஓடியது. அப்பா ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வாங்கி வந்த 60 நிமிஷ கேசட். அதில் மூன்றாவதாக வரும் பாட்டை இன்றைக்கு ஏதாவது கல்யாண மண்டபத்தில் கேட்டால், அது முடிந்த மறுநொடியே நான்காவது பாட்டின் வயலின் என் மனசுக்குள் எழுந்துவிடும். இரண்டும் வேறு வேறு படம், வேறு வேறு குரல். அப்பாவின் தாளைத் தவிர இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இது என் ஒருவனின் கிறுக்கு இல்லை. 2009-இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே ஸ்கேன் கருவிக்குள் வைத்துப் பார்த்தார்கள். நன்றாகப் பழகிய சிடியிலிருந்து ஒரு பாட்டின் கடைசிப் பகுதியை ஒலிக்கவிட்டு, அதன்பின் வரும் அமைதியில் மூளை என்ன செய்கிறது என்று கவனித்தார்கள். காதுக்கு வேலையில்லாத அந்த இடைவெளியில் மூளையின் முன்பகுதியும், உடல் அசைவுகளைத் திட்டமிடும் பகுதிகளும் சுறுசுறுப்பாகிவிட்டன. அடுத்து வரப்போவதை முன்கூட்டியே எடுத்து வைக்கிற வேலை. வரிசை பழகாத பாட்டுகளுக்கு இது நடக்கவில்லை.

இப்படி ஒரு வரிசை மனசில் ஏற வேண்டுமென்றால், அதே பாட்டுகளை அதே ஒழுங்கில் எக்கச்சக்கமான தடவை கேட்டிருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து யார் அப்படிக் கேட்பார்கள்? காரில் கேட்டோம். ஆசைப்பட்டு அல்ல, மாற்றுவது சிரமம் என்பதால்.

எவ்வளவு சிரமம் என்று கணக்கே போடலாம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட கேசட்டுக்குள் இருப்பது 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த அகலமுள்ள காந்த நாடா. ரீல் என்றுதான் நாம் சொல்வோம். ஒரு மெல்லிய உலோகத் தண்டும் ரப்பர் உருளையும் அதை நடுவில் அழுத்திப் பிடித்து, வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில், ஒலியைப் படிக்கும் ஹெட்டின் மேல் இழுத்துச் செல்கின்றன. அப்படியென்றால் நாலரை நிமிஷப் பாட்டு ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 13 மீட்டர். பிடிக்காத பாட்டைத் தாண்ட அந்த 13 மீட்டரையும் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றியாக வேண்டும். பதினைந்து, இருபது வினாடி ஆகும். எங்கே நிறுத்துவது என்பது குத்துமதிப்புதான். கொஞ்சம் கூடப்போனால் அடுத்த பாட்டின் பல்லவி போய்விடும், குறைந்தால் பழைய பாட்டின் வால் வந்து நிற்கும். எதிரே லாரி வருகிற நேரத்தில் ஒற்றைக் கையால் இதையெல்லாம் செய்வதற்குப் பதில், “சரி, ஓடட்டும்” என்று விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

காரில் நாம் இசை கேட்கும் பழக்கத்தை மாற்றியது ஒலித் தரம் இல்லை, ஒரு பாட்டைத் தாண்ட எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட்டோ ரிவர்ஸ் வந்தபிறகு கை வைக்கவே தேவையில்லாமல் போனது. நாடாவின் முனை வந்ததும் சக்கரம் இறுகி நிற்கும். அதை உணர்ந்து இயந்திரம் ஓட்டத்தைத் திருப்பிவிடும், ஹெட் மறுபக்கத் தடத்தைப் படிக்கத் தொடங்கும். மதுரையிலிருந்து சென்னைக்கு 460 கிலோமீட்டர். அன்றைய சாலையில் ஒன்பது மணி நேரம். யாரும் தடுக்காவிட்டால் ஒன்பது முறை அதே கேசட்.

கடையில் விற்ற சினிமா கேசட்டுகளில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று இருக்கும். ஒன்றுக்காக வாங்குவோம், மற்றது ஒட்டிக்கொண்டு வரும். ஆறு மாதம் போனால் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் வாயில் முணுமுணுக்கும். உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ட்ஸ் 1968-இல் விளக்கிய விஷயம் இது: ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே, வேறு காரணம் எதுவும் இல்லாமல், அதன்மேல் பிடிப்பு கூடுகிறது. முதலிலேயே வெறுத்ததை அப்படித் திணித்தால் வெறுப்பு கூடவும் செய்யலாம். எங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

காருக்குள் கேசட் வருவதற்கு முன்னும் முயற்சிகள் உண்டு. கிரைஸ்லர் நிறுவனம் 1956 மாடல் கார்களில் இசைத்தட்டையே வைத்துப் பார்த்தது. ஊசி துள்ளாமல் இருக்க அழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தது, தட்டு தேய்ந்தது. பிறகு ஃபோர்டு கார்களில் வந்த எட்டுத் தட நாடா ஒரு முடிவில்லாத வளையம். அதில் பின்னோக்கிச் சுற்றவே முடியாது. தடம் மாறும் இடத்தில் பாட்டைப் பாதியில் வெட்டி, ஒரு ‘டக்’ சத்தத்துக்குப் பிறகு மீதியைத் தருவார்கள். அதையும் சகித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்.

1984-இல் முதல் கார் சிடி பிளேயர்கள் வந்தன. சிடியின் சுருள் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான்தான் இடைவெளி; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். லேசர் ஒளி அந்தத் தடத்தை விட்டு விலகாமல் ஓட வேண்டும், கீழே ஸ்பீடு பிரேக்கர். பிற்காலத்துக் கருவிகள் இதற்குக் கண்டுபிடித்த உபாயம் அழகானது. தட்டை வேகமாகப் படித்துச் சில வினாடி இசையை நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும். குலுங்கும்போது கையிருப்பிலிருந்து பாட்டு ஓடும், அதற்குள் லேசர் தன் இடத்தைத் தேடிப் பிடித்துவிடும். அடுத்த பாட்டுக்குப் போக ஒரே பொத்தான், ஓரிரு வினாடி. 13 மீட்டர் காணாமல் போனது.

நம் ஊர் கார்களில் அசல் சிடியின் ஆட்சி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு அடங்கும் எம்பி3 சிடி வந்துவிட்டது. ஒரு சத்தம் இன்னொன்றை மறைக்கும்போது, மறைந்ததைப் பதிவு செய்யத் தேவையில்லை என்பதுதான் எம்பி3-யின் சூத்திரம். வினாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் சிடியின் தரவில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நெடுஞ்சாலையில் டயரும் காற்றும் எஞ்சினும் போடுகிற இரைச்சல் இந்த மறைக்கும் வேலையைத் தானும் செய்துவிடுவதால், காரில் அந்த இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. மெல்லத் தொடங்கும் வீணைக் கச்சேரி காரில் எடுபடாததற்கும் அதே இரைச்சல்தான் காரணம்.

அப்புறம் பென் டிரைவ். மொபைல் கடையில் கொடுத்தால் ஆயிரம் பாட்டு ஏற்றித் தருவார்கள். ஆனால் பல கார் செட்டுகள் அவற்றைப் பெயர் வரிசையில் படிக்காது, கோப்புகள் ஏறிய வரிசையிலேயே படிக்கும். கடைக்காரர் முதலில் இழுத்துப் போட்ட ஃபோல்டர்தான் உங்கள் ஒவ்வொரு பயணத்தின் தொடக்கமும். ஐபோனைக் கம்பியில் இணைத்தால் அகரவரிசையில் முதல் பாட்டைத் தானாகப் பாடத் தொடங்கும் கார்களும் உண்டு. அதிலிருந்து தப்பிக்க ஒருவர் 2017-இல் ஏகப்பட்ட ‘ஏ’ எழுத்துகளோடு தொடங்கும் பெயரில், பத்து நிமிஷ மௌனத்தை ஒரு பாட்டாகவே விற்றார். நன்றாகவே விற்றது.

இப்போது ஒரு பாட்டைத் தாண்டுவதற்கான விலை பூஜ்யம். ஸ்டீயரிங்கில் கட்டைவிரலால் தொட்டால் ப்ளூடூத் வழியாக ‘அடுத்தது’ என்ற கட்டளை போகும். அடுத்தது எது என்பது காருக்குத் தெரியாது, போனில் உள்ள செயலிதான் தீர்மானிக்கும். பாட்டுகளே இதற்கு ஏற்ப வடிவம் மாறியிருக்கலாம். அமெரிக்காவின் முதல் பத்து இடங்களைப் பிடித்த பாடல்களை ஓர் ஆய்வாளர் அளந்தபோது, எண்பதுகளின் நடுவில் 20 வினாடிக்கு மேலிருந்த தொடக்க இசை, 2015-இல் 5 வினாடியளவுக்குச் சுருங்கியிருந்தது. கட்டைவிரல் அசைவதற்குள் குரல் வந்துவிட வேண்டும் போல.

போன மாதம் அப்பாவின் பட்டியலைப் போனில் அதே வரிசையில் அடுக்கி, காரில் போட்டேன். மூன்றாவது பாட்டின் சரணத்தில் ஓர் இடம் உண்டு. ஆம்னியில் ஒருமுறை ரீல் சிக்கி, அப்பா பென்சிலை விட்டுச் சுற்றியெடுத்தபோது அங்கே நாடா கசங்கிவிட்டது. அந்த வேகத்தில் ஓடும் நாடாவில் உச்ச ஸ்தாயி ஒலி ஒன்றின் அலைநீளம் ஐந்து மைக்ரான்கூட இருக்காது. கசங்கிய இடம் ஹெட்டை விட்டு மயிரிழை விலகினாலும் போதும், குரல் மங்கிவிடும். எங்கள் கேசட்டில் அந்த வார்த்தை அரை நொடி தண்ணீருக்குள் மூழ்கி எழும்.

போனில் குரல் மங்கவில்லை. எனக்கு மட்டும் அந்த இடத்தில் கை தானாக வால்யூமுக்குப் போனது. “ஏன்ப்பா கூட்டுறே?” என்றாள் மகள்.