கட்டியின் சென்டிமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

சேலத்தில் என்னிடம் வரும் பெண்களில் பலர் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டே, "மூன்று சென்டிமீட்டர் கட்டி இருக்கிறதாம் டாக்டரம்மா, கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அது எதற்கு என்று வீட்டிலேயே முடிவாகியிருக்கும்.

ஃபைப்ராய்டு என்கிற நார்க்கட்டி கர்ப்பப்பையின் தசையில் வளர்வது. அது புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. பெண்மைக்குரிய ஹார்மோன்களே அதை வளர்க்கின்றன. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கும். தொந்தரவு தராத கட்டிக்குச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.

அளவைவிட இடம் முக்கியம். உள்ளறைக்குள் துருத்தும் 2 செ.மீ. கட்டி ரத்தத்தை ஆறாகப் பெருக்கும். வெளிப்பக்கம் 6 செ.மீ. வளர்ந்தது சத்தமின்றி இருக்கும். மிகப் பெரிதானால் சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி எழ வைக்கும்.

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் ஒரு பெண், மேடு ஏறினால் மூச்சு வாங்குவதாகச் சொன்னார். மாதவிலக்கு பற்றி நான் கேட்ட பிறகுதான் பேசினார். தோட்டத்தில் மாற்ற இடமில்லாததால் இரண்டு நாப்கின்களைச் சேர்த்து வைத்துக்கொள்வாராம். மாலைக்குள் பாவாடை நனைந்துவிடுமாம். கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7.2 கிராம்; பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. அவரை வாட்டியது கட்டியின் அளவு அல்ல, மாதாமாதம் போன ரத்தம். நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினோம். போக்கு உள்ள நாட்களுக்கு மட்டும், அதைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை கொடுத்தோம். உடல் தேறியபின், வயிற்றைக் கிழிக்காமல், கர்ப்பப்பை வாய் வழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தும் ஹிஸ்டெரோஸ்கோப்பி மூலம் கட்டியை மட்டும் எடுத்தோம்.

காப்பர்-டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஆனால் தாமிரத்துக்குப் பதில் ஹார்மோன் சுரக்கும் சாதனமும் பலருக்குப் போக்கைக் குறைக்கும். கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்து அதைச் சுருக்கலாம். பிள்ளை வேண்டும் என்பவர்களுக்குக் கட்டியை மட்டும் அகற்றலாம். எதற்கும் அடங்காதபோது கர்ப்பப்பையை அகற்றுவது நல்ல சிகிச்சைதான், நானும் செய்கிறேன். ஆனால் நாற்பது வயதுப் பெண்ணுக்குக் காரணமின்றி, ஹார்மோன் சுரக்கும் சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பதை என்னால் ஏற்க முடியாது. எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கின்றன.

இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், பழைய கட்டிதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.