‘கட்’ சொன்ன பிறகும் மைக் கேட்டுக்கொண்டிருக்கிறது

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டாரத்தைக் களமாகக் கொண்ட ஒரு நாவலைப் படமாக்கிக்கொண்டிருந்தோம். களியக்காவிளையிலிருந்து சற்று உள்ளே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. நான் ஒலிப்பதிவாளன். பாட்டி வேடத்தில் நடித்தவர் அதே தெருக்காரர். அதற்கு முன் கேமராவின் முன் நின்றதே இல்லை. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) நறுக்கியபடி மருமகளோடு பேசும் காட்சி இரண்டாவது டேக்கிலேயே முடிந்தது. இயக்குநர் ‘கட்’ சொன்னார். பாட்டி திண்ணைக்குப் போய், வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் மகன் வாங்கி வைத்திருக்கும் கடனைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார். எவ்வளவு, யாரிடம் என்பதையும் சொன்னார். அவர் நெஞ்சில் மைக் இருந்தது. ஹெட்போன் மாட்டியிருந்த ஐந்து பேரும் கேட்டோம். மாலை தேநீர் வேளையில் குழுவில் ஒருவர் அந்தக் கடனைச் சொல்லிச் சிரித்தார். பாட்டியின் பேரன் பக்கத்தில் நின்றிருந்தான்.

சிரித்தவர் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால், மைக்கைத் திறந்தே வைத்திருந்தவன் நான்.

‘கட்’ என்றால் கேமரா நின்றுவிடும். மைக்கின் ஒலியை அனுப்பும், இடுப்பில் செருகிய டிரான்ஸ்மிட்டர் பெட்டி நிற்காது. பேட்டரி உள்ளவரை அனுப்பிக்கொண்டே இருக்கும். இயக்குநர், உதவி இயக்குநர் என்று பலரும் கம்பியில்லா ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். போதாததற்கு, பல ரெக்கார்டர்களில் பொத்தானை அழுத்துவதற்குச் சில வினாடிகள் முந்தைய பேச்சும் சேர்ந்து பதிவாகும்படி அமைக்கலாம். நாங்கள் அமைத்தும் வைத்திருப்போம். பழகிய நடிகர்களுக்கு இதெல்லாம் தெரியும். இடைவேளையில் தயாரிப்பாளரைத் திட்ட வேண்டுமென்றால் மைக்கைக் கழற்றிவிட்டுத்தான் திட்டுவார்கள். ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இலக்கியத்தைப் படமாக்கும்போதுதான் ஊர்க்காரர்களை அதிகம் நடிக்க வைக்கிறோம். காரணம் மொழி. விளவங்கோடும் கல்குளமும் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கோடு மாறியது, நாக்கு மாறவில்லை. இங்கே பலாப்பழம் சக்கை, குடிக்கும் தண்ணீர் வெள்ளம். முன்பு ஒரு படத்தில், இந்தப் பக்கத்துப் பெண்ணின் குரலை எடுத்துவிட்டு டப்பிங்கில் வேறொருவரைப் பேச வைத்தார்கள். ‘கொஞ்சம் வெள்ளம் தா’ என்ற வசனத்தை அவர் கரை உடைந்த ஆற்றைக் கண்டவர்போலப் பதறிப் பேசினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் அறிந்த வெள்ளம் அதுதான்.

டப்பிங்தான் தமிழ் சினிமாவின் ஆதி வழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1931-இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தில் நாயகி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசினார்கள். அந்தக் காலப் பேச்செல்லாம் படப்பிடிப்பிலேயே பதிவானதுதான்.

அப்படிப் படப்பிடிப்பிலேயே பதியும் நேரடி ஒலிக்கு மைக் வாய்க்கு அருகில் இருந்தாக வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் பேச்சு ஏறக்குறைய 6 டெசிபல் குறைந்துவிடும். சில்வண்டும் நெடுஞ்சாலை லாரியும் குறைவதில்லை. சில்வண்டின் ரீங்காரம் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் இருக்கும் உயர் அலைவரிசையிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் வேறு. ஓட்டின் மேல் மழை விழுந்தால் அன்றைய வேலை போனதுதான். இரைச்சல் பதிவாகாமலிருக்க வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டு, திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவோம். மாவு புளித்து ஒரு வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்த பழக்கம் அது. ஆகவே, நெஞ்சில் மாட்டும் மைக்கைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன்.

இப்போது மைக்கை மாட்டுவதற்கு முன்பே ஹெட்போனை ஊர்க்காரர்கள் காதில் வைத்து, தெருக்கோடியில் ஒருவரை மைக்கோடு நிறுத்தி முணுமுணுக்கச் சொல்கிறேன். முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்! விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. பெண்களுக்குப் பெண் உதவியாளர்தான் மாட்டிவிடுவார். அவர் இல்லாத நாளில், கம்பியை உடைக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று சொல்லிக்கொடுத்து அவர்களையே மாட்டிக்கொள்ளச் சொல்வோம். ‘கட்’ கேட்டதும் என் கை முதலில் ஹெட்போன்களுக்குப் போகும் ஒலியை நிறுத்தும், பிறகு பதிவை. தப்பித் தவறி ஏதாவது பதிவாகியிருந்தால், ‘பயன்படுத்தக் கூடாது’ என்று அன்றைய ஒலி அறிக்கையில் எழுதி, படத்தொகுப்பாளரிடம் நேரிலும் சொல்லிவிடுகிறேன். இயக்குநர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. இடைவேளையில் கிடைக்கும் இயல்பான பேச்சு பொக்கிஷம் என்பார்கள். பொக்கிஷம்தான், உடையவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

அந்தப் பாட்டியிடம் மறுநாள் காலையில் போய் நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, இடுப்பிலிருக்கும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியை எங்கே அணைப்பது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். அன்றிலிருந்து ‘கட்’ என்ற சொல் முடிவதற்குள் என் மீட்டரில் அவர் குரல் அணைந்துவிடும். அடுத்த டேக்குக்குத் திரும்பப் போட மறந்துவிடுவார். அப்படி மூன்று டேக்குகள் போயின. நான் வாய் திறக்கவில்லை.