செய்முறையை முதலில் எழுதுங்கள்

முதல் ஆய்வுக் கட்டுரையை எழுத உட்காரும் மாணவர்கள் பெரும்பாலும் அறிமுகத்தில்தான் கை வைக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால், அதே முதல் பத்தியை இன்னும் திருத்திக்கொண்டிருப்பார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அறிமுகம் இருக்கட்டும், சோதனையை எப்படிச் செய்தீர்கள் என்று விவரிக்கும் செய்முறைப் பகுதியை முதலில் எழுதுங்கள்.

மாணவனாக இருந்தபோது, வெளியான ஒரு கட்டுரையைப் பார்த்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுக்க முயன்றேன். குழாய்களை வேகமாகச் சுழற்றி உள்ளிருப்பதைப் பிரிக்கும் கருவியான சென்ட்ரிஃபியூஜில் 10,000 சுற்று, 15 நிமிடம் என்று போட்டிருந்தார்கள். குழாய்களைத் தாங்கிச் சுழலும் பகுதியான ரோட்டர் எது என்று எழுதவில்லை. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால், 6 செ.மீ. ஆரத்தில் கிடைப்பது புவியீர்ப்பைப் போல் சுமார் 6,700 மடங்கு விசை. 10 செ.மீ. ஆரத்தில் அதுவே 11,000 மடங்கைத் தாண்டிவிடும். எங்கள் ரோட்டர் சிறியது. அடியில் படிய வேண்டியதில் பாதி மேல் திரவத்தோடு போய்க்கொண்டே இருந்தது. காரணம் பிடிபட மூன்று மாதம் ஆயிற்று. எழுதியவர் ஒரே ஒரு எண்ணைச் சேர்த்திருந்தால் அந்த மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

இது என் ஒருவனுடைய அனுபவம் இல்லை. 2016-ல் நேச்சர் ஆய்விதழ் 1,576 ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டது. பிறர் செய்த சோதனையைத் திரும்பச் செய்ய முயன்று முடியாமல் போனதாக 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். தங்கள் சொந்தச் சோதனையையே திரும்பச் செய்ய முடியாதவர்கள் பாதிக்கு மேல். எல்லாவற்றுக்கும் எழுத்தே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் கையில் உடனே சரிசெய்ய முடிந்தது எழுத்துதான்.

மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது சில சொற்களை. 'அறை வெப்பநிலையில்' என்றால் எத்தனை டிகிரி? 'இரவு முழுவதும்' என்றால் எட்டு மணி நேரமா, பதினாறா? 'முன்பு விவரித்தபடி' என்பது இன்னும் மோசம். அந்தப் பழைய கட்டுரையைத் தேடி எடுத்தால், அதிலும் 'முன்பு விவரித்தபடி' என்றே இருக்கும். அப்புறம் மாதிரி எண்ணிக்கை. மூன்று எலிகளிடம் பத்து முறை அளந்தால் முப்பது அளவீடுகள் கிடைக்கும், எலிகள் மூன்றுதான். ஆனாலும் மாதிரி முப்பது என்று எழுதிவிடுகிறார்கள். இதை மறைக்க நினைத்து யாரும் எழுதுவதில்லை. பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள், ஆனால் கட்டுரையின் முடிவே அதில் மாறிப்போகும்.

செய்முறை முடிந்ததும் படங்களையும் அட்டவணைகளையும் வரிசைப்படுத்துங்கள். முடிவுகள் பகுதி அவற்றையொட்டித் தானாக எழுந்து வரும். கூட்டல் கழித்தல் குறிக்குப் பின்னால் நிற்கும் எண் திட்ட விலக்கமா, திட்டப் பிழையா என்று கட்டாயம் எழுதுங்கள். முன்னது தரவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையும், பின்னது சராசரி எவ்வளவு துல்லியமானது என்பதையும் சொல்லும். 25 மாதிரிகளில் திட்ட விலக்கம் 10 என்றால் திட்டப் பிழை 2 மட்டுமே. சொல்லாமல் விட்டால், படிப்பவர் உங்கள் தரவு உண்மையில் இருப்பதைவிட ஐந்து மடங்கு நெருக்கமானது என்று நினைத்துக்கொள்ளலாம்.

முடிவுகளில் 'இது காட்டுவது என்னவென்றால்' என்று தொடங்கத் தோன்றினால், அந்த வாக்கியத்தை அப்படியே விவாதப் பகுதிக்கு நகர்த்துங்கள். விவாதத்தில் துணிந்து பேசலாம், ஆனால் இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறின என்பதை ஒன்று மற்றதை ஏற்றியது என்று எழுதிவிடாதீர்கள். எதிர்பார்ப்புக்கு மாறாக வந்த முடிவையும் அங்கே வையுங்கள். அதை ஒளிக்காமல் சொன்னவரின் மற்ற முடிவுகளை நான் கூடுதலாக நம்புகிறேன்.

அறிமுகம் இப்போது சுலபம். என்ன கேள்விக்கு விடை கண்டீர்கள் என்பது தெரிந்துவிட்டதே. சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். திருத்தங்கள் முடிந்தபின் அதிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் அட்டவணையோடு மறுபடி ஒப்பிடுங்கள். நிறையப் பேர் படிப்பது சுருக்கத்தை மட்டும்தான். அட்டவணையில் 42, சுருக்கத்தில் 47 என்று நிற்கும் கட்டுரைகள் இன்னும் என் மேசைக்கு வருகின்றன.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சோதனையைப் பார்த்தே இராத ஒரு நண்பரிடம் செய்முறையை மட்டும் கொடுத்து, “நாளைக்கே இதைச் செய்ய வேண்டும் என்றால் என்னிடம் என்னவெல்லாம் கேட்பீர்கள்?” என்று கேளுங்கள். சென்ற முறை என் மாணவி ஒருத்தி கொடுத்த இரண்டு பக்கம் பதினோரு கேள்விகளோடு திரும்பி வந்தது. முதல் கேள்வி, எந்த ரோட்டர் என்பது.