பெட்டியை மூடுங்கள், எட்டிப் பார்க்காதீர்கள்

போன நவம்பரில் ஒரு நாள் காலை, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கிக்கு எதிரே ஒரு பறவை கிடந்தது. முதுகு பச்சை, சிறகில் பளீரென்று நீலம், வயிற்றுக்கு அடியில் மிளகாய்ப்பழச் சிவப்பு, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை. நீலச்சிறகுப் பிட்டா. தமிழ்நாட்டில் காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் ஆறுமணிக்குருவி என்று பேர் வாங்கிய பறவைக்கு இது சித்தப்பா பிள்ளை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண் பாதி மூடியிருந்தது, அலகு திறந்தே இருந்தது, மூச்சு வேகமாக வாங்கியது.

நான்கு வீடு தள்ளி இருக்கும் அக்கா அதற்குள் ஒரு கிண்ணம் தண்ணீரோடு வந்துவிட்டார். "தம்பி, ரெண்டு சொட்டு வாயில விடுப்பா, தாகத்துல வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு பாரு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்லவேளை, தண்ணீர் விடுவதற்கு முன் வனவிலங்கு மீட்புக்காரர்களை அழைத்தேன். எடுத்தவர் சொன்னது இவ்வளவுதான்: ஓர் அட்டைப்பெட்டியில் காற்றுக்கு நாலைந்து துளை போடுங்கள், அடியில் துண்டை விரியுங்கள், பறவையை மெல்ல உள்ளே வைத்து மூடுங்கள். தண்ணீர் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், தடவிக் கொடுக்க வேண்டாம், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஓர் உயிர் துடிக்கும்போது மூடி வைத்துவிட்டுச் சும்மா இருப்பதா? அதற்கப்புறம் ஒரு மீட்பு நிலையத்தில் வார இறுதிகளில் தொண்டூழியராகச் சேர்ந்து, கூண்டு கழுவி, பப்பாளி நறுக்கி, மருத்துவருக்குத் துண்டு பிடித்து நின்ற பிறகுதான் புரிந்தது. அந்தச் சும்மா இருப்பதுதான் முதல் சிகிச்சை. அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பறவைக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். இந்த வகைப் பிட்டாக்கள் இரவில் வலசை போகிறவை. வடக்கே மியன்மார், தாய்லாந்துப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர், நவம்பரில் தெற்கு நோக்கி வரும்போது சிங்கப்பூர் வழியில் வருகிறது. நம் வெளிச்சம் அவற்றை இழுக்கிறது, திசை குழம்பித் தாழப் பறக்கின்றன, விடிந்ததும் கண்ணாடியில் தெரியும் மரத்தை மரம் என்றே நம்பி முழு வேகத்தில் மோதுகின்றன. கண்ணாடி நமக்கும் தெரிவதில்லை, சட்டத்தையும் கைப்பிடியையும் பார்த்துத்தான் அங்கே கண்ணாடி இருப்பதை ஊகிக்கிறோம். பறவைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? பச்சைப்புறா, மரகதப்புறா போன்ற உள்ளூர்ப் பறவைகளும் இங்கே இப்படியே அடிபடுகின்றன.

மோதியதும் மூளை வீங்குகிறது. மண்டையோடு விரியாது, வீங்கிய மூளைக்குப் போக இடமில்லை. அதனால் அரைமயக்கம். இந்த நேரத்தில் குளிருமே என்று விளக்கடியில் வைத்தால் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இன்னும் கூடும். இறகு முளைக்காத குஞ்சுக்குக் கதகதப்பு உயிர் போன்றது, தலையில் அடிபட்ட வளர்ந்த பறவைக்கு அதே கதகதப்பு அளவு மீறினால் ஆபத்து. இந்த வித்தியாசம் தெரியாமல் செய்யும் உதவிதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது.

அலகு ஏன் திறந்திருந்தது? தாகம் இல்லை. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் சூடேறினாலோ பயந்தாலோ வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அக்கா பார்த்தது பயத்தை, தாகத்தை அல்ல. அந்த வாயில் இரண்டு சொட்டு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. பறவையின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் பின்முனையில், வாயைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும் இடத்தில் இருக்கிறது. நினைவோடு இருக்கும் பறவை விழுங்கும்போது அதை மூடிக்கொள்ளும். அரைமயக்கத்தில் இருப்பதற்கு அது முடியாது. தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும்.

பிடிக்கும் விதத்திலும் இதே சங்கதி. நமக்கு உதரவிதானம் என்ற தசை மூச்சை இழுத்து விடுகிறது. பறவைக்கு அது இல்லை. நுரையீரலே பெரிதாக விரிவதில்லை. மார்பெலும்பு முன்னும் கீழுமாக அசைய, உடலெங்கும் பரவியிருக்கும் காற்றுப்பைகள் (பெரும்பாலான பறவைகளுக்கு 9) துருத்தி போல விரிந்து சுருங்கி நுரையீரல் வழியே காற்றைத் தள்ளுகின்றன. ஆகவே மூக்கும் வாயும் திறந்திருந்தாலும், மார்பைச் சுற்றி அன்போடு இறுக்கிப் பிடித்தால் அதற்கு மூச்சு நின்றுவிடும். எனக்கு முதல் நாள் கற்றுக்கொடுத்ததே இதுதான்: கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், முதுகு உள்ளங்கையில், மார்பின் மேல் எந்த அழுத்தமும் கூடாது.

இனி பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி அதுதான்.

காட்டு உயிர் நம் கையில் அமைதியாக உட்கார்ந்திருந்தால், பாவம் நம்மை நம்பிவிட்டது என்று மனது இளகும். அது அமைதியே இல்லை. இரையாகும் விலங்கு பலவீனத்தை வெளியே காட்டினால் அடுத்த நிமிடம் இன்னொன்றின் வாயில். அதனால் அசையாமல் இருக்கிறது. அதன் கணக்கில் நாம் அதைப் பிடித்துவிட்ட வேட்டை மிருகம், தடவிக் கொடுக்கும் விரல் கடிக்கப்போகும் பல். உள்ளே மூளை அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது, கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறுகிறது, செரிமானமும் நோய் எதிர்ப்பும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன, இருக்கிற சர்க்கரை எல்லாம் தப்பி ஓடுவதற்காகத் தசைக்குப் போகிறது. ஓட வழி இருந்தால் இது உயிர் காக்கும் ஏற்பாடு. பெட்டிக்குள், கைக்குள், கண்கள் சூழ நிற்கும் இடத்தில் இது மணிக்கணக்கில் தொடர்ந்தால் உடலே உடலைத் தின்கிறது.

பிடிபடும் அதிர்ச்சியில் வரும் தசைச் சிதைவு என்று ஒன்று உண்டு. துரத்திப் பிடிக்கும்போது தசை ஆக்சிஜன் போதாமல் உழைத்து, லாக்டிக் அமிலம் சேர்ந்து, தசை இழைகள் உடைகின்றன. அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பைக் குலைக்கிறது. மான்களும் நீண்ட கால் பறவைகளும் இதற்கு அதிகம் பலியாகின்றன. கொடுமை என்னவென்றால் இது அன்றைக்கே நடக்க வேண்டியதில்லை. நன்றாகத்தானே இருந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, சில நாள் கழித்துக்கூடச் செத்துப்போகும்.

சரி, இருட்டு என்ன செய்கிறது? பகலில் நடமாடும் பறவைக்கு உலகம் என்பதே பெரும்பாலும் கண் வழி வருவதுதான். வெளிச்சத்தை எடுத்துவிட்டால் ஆபத்தைப் பற்றிய செய்தி வருவது நிற்கிறது, துடிப்பு இறங்குகிறது, உடல் தன்னைப் பழுதுபார்க்க நேரம் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை நாம் மூடியைத் தூக்கிப் பார்க்கும்போதும் அந்தக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது.

இதனால்தான் மீட்பு நிலையத்தில்கூட வந்த உடனே யாரும் சோதிப்பதில்லை, ரத்தப்போக்கு இருந்தால் ஒழிய. முதலில் இருட்டில் ஓய்வு, அப்புறம் சில நிமிடங்களில் முடிந்துவிடும் பரிசோதனை, மறுபடி ஓய்வு. அந்த அறையில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வேட்டையாடும் விலங்கின் குரல் எப்படி இருக்குமோ அப்படித்தான் நம் பேச்சு அதற்குக் கேட்கும்.

எலும்பு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடியில் மோதும் பறவைகளுக்கு அடிக்கடி உடைவது தோளையும் மார்பெலும்பையும் முட்டுக்கொடுத்துப் பிடிக்கும் ஓர் எலும்பு. கத்தி வைக்காமல், கூண்டு ஓய்விலேயே இது பெரும்பாலும் சேர்ந்துவிடுகிறது. பறவை எலும்பு மூன்று வாரத்தில் ஒட்டும், நம்முடையதைவிட வேகம். ஆனால் இறக்கையை அத்தனை நாளும் கட்டியே வைத்தால் மூட்டு இறுகிப் பறக்கவே முடியாது, அதனால் கட்டை அவிழ்த்து மெல்ல நீட்டி மடக்க வேண்டும். மேலிறக்கை எலும்பு இன்னொரு சிக்கல். அது உள்ளே குழாய் போல இருந்து, காற்றுப்பையோடு இணைந்திருக்கும். அது உடைந்து வெளியே தெரிந்தால் காயத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது, பறவை காயத்தின் வழியாகவே மூழ்கிப்போகும்.

பசித்து வாடி வந்ததற்கு உடனே வயிறு நிறையக் கொடுப்பதும் தப்பு. நீண்ட நாள் பட்டினியில் இருந்த உடலில் திடீரென்று உணவு இறங்கினால் இன்சுலின் ஏறுகிறது, பாஸ்பேட்டும் பொட்டாசியமும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் பாய்கின்றன, இதயம் தடுமாறுகிறது. முதலில் நீர்ச்சத்து, அப்புறம் நீர்த்த உணவு, அப்புறம்தான் சொந்த உணவு. பச்சைப்புறாவுக்கு அத்திப்பழம், மீன்கொத்திக்கு மீனும் பூச்சியும். சோறும் ரொட்டியும் பாலும் யாருக்கும் இல்லை. சுண்ணாம்புச்சத்து இல்லாத உணவில் வளர்ந்த குஞ்சுக்கு எலும்பு ரப்பர் போல வளைந்துபோகும், அதை நான் ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், இன்னொருமுறை பார்க்க வேண்டாம்.

செதில் போர்த்த எறும்புத்தின்னியான அழுங்கு இதைவிடக் கஷ்டம். சுந்தா அழுங்கு உலகளவில் அற்றுப்போகும் விளிம்பில் இருப்பது, இங்கே இன்னும் நம் காடுகளில் வாழ்கிறது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், புலிக்கு எதிரே நல்ல உத்தி, புக்கிட் தீமா விரைவுச்சாலையில் லாரிக்கு எதிரே உதவாது. அந்தச் சாலைக்கு மேலே 2013-இல் விலங்குகளுக்கென்றே மரங்கள் நட்ட பாலம் கட்டினார்கள், அழுங்குக்கு மிகவும் தேவையானது அது. பல் இல்லாத அழுங்கு எறும்பும் கரையானும்தான் தின்னும், தட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவில் தேறிவரும் அழுங்குகளைத் தினமும் வெளியே நடக்கவிட்டு, அதுவாகப் புற்றைத் தேடித் தின்னும்வரை மணிக்கணக்கில் பின்னாலேயே போகிறார்கள். வைத்தியம் என்றால் எனக்கு இப்போது அந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது.

எலிக்கு வைக்கும் பசைத்தட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தேன்சிட்டு, பாம்பு எல்லாம் அதில் ஒட்டிக்கொள்கின்றன. இழுத்துப் பிய்க்காதீர்கள், இறகோடு தோலும் வரும். ஒட்டாமல் மிச்சமிருக்கும் பசையின் மேல் காகிதத்தைப் போட்டு மூடித் தட்டோடு பெட்டிக்குள் வையுங்கள். நிலையத்தில் சமையல் எண்ணெய் தடவிப் பசையை இளக்கி, பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயை எடுத்து, கடைசியில் அந்தத் திரவம் துளியும் இல்லாமல் அலச வேண்டும். இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஜிப் போலக் கோத்திருப்பதால்தான் மழை உள்ளே இறங்குவதில்லை. சோப்பு மிச்சமிருந்தால் அந்தக் கோப்பு நிற்காது. எட்டு கிராம் எடையுள்ள தேன்சிட்டுக்கு இதை ஒரே மூச்சில் செய்தால் கழுவலே கொன்றுவிடும், இடையிடையே இருட்டில் ஓய்வு.

குஞ்சுகளுக்கு வேறொரு பிரச்சினை. கண் திறந்ததும் எதைப் பார்க்கிறதோ அதையே தாய் என்று பதித்துக்கொள்ளும் இனங்கள் உண்டு. வாத்துக்குஞ்சுகள் தன் பின்னால் அணிவகுத்ததை வைத்து இதை விளக்கிய கொன்ராட் லோரன்ஸ் 1973-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனிதனைப் பதித்துக்கொண்ட பறவை பிறகு காட்டில் ஜோடி தேடத் தெரியாமல் நம் சன்னலுக்கே வரும். அதனால்தான் உணவு கொடுக்கும்போது முகத்தை மறைத்துக்கொள்கிறோம், பெயர் வைப்பதில்லை, கொஞ்சுவதில்லை. கொஞ்ச ஆசை இல்லாமல் இல்லை. இறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சை உங்கள் புளோக்குக்குக் கீழே பார்த்தால் பெரும்பாலும் அது அனாதை இல்லை, பறக்கக் கற்றுக்கொள்கிறது, தாய் பக்கத்து மரத்தில்தான் இருக்கும். பூனை வராத இடத்தில், அருகிலுள்ள புதரில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

வீட்டில் வைத்து நாமே வளர்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் பிடித்து வைத்திருப்பது குற்றம், 2020-இலிருந்து தண்டனையும் கூடியிருக்கிறது. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600, கைப்பேசியில் சேமித்துவையுங்கள்.

அந்தப் பிட்டாவுக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. கூண்டில் காய்ந்த இலைகளைப் பரப்பி அதற்கடியில் மண்புழுவை விட்டிருந்தார்கள், மூன்றாம் நாள் தானாகவே இலையைப் புரட்ட ஆரம்பித்தது. உள்ளூர்ப் பறவையாக இருந்தால் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுவார்கள், சாப்பாட்டு மரமும் அண்டை அயலும் அதற்குப் பழக்கம் என்பதால். இது வழிப்போக்கன், இரவுப் பயணி, எனவே அந்தி நேரத்தில் ஒரு காட்டோரம் என்று முடிவு செய்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் மாலை கைப்பேசியில் ஒரு வரி வந்தது: விட்டாச்சு, புதருக்குள்ளே போயிடுச்சு.

அக்காவிடம் காட்டினேன். "போட்டோ இல்லையா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லைக்கா. பெட்டியைத் திறந்து வச்சிட்டுத் தள்ளி வந்துட்டாங்களாம்."