அது விமானந்தாங்கிக் கப்பல் அல்ல, பின்புறத்தைப் பாருங்கள்

ஒரே படம் இந்த மாதத்தில் நான்காவது முறையாக என் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் ஒரு நீளமான கப்பல், முன்பக்கம் ஒதுங்கி நிற்கும் பிரிட்ஜ் (கப்பலைச் செலுத்தும் அறை), அதற்குப் பின்னால் வெறுந்தளம். 'அமெரிக்காவின் ரகசிய மூழ்கும் விமானந்தாங்கி' என்று கீழே எழுதியிருந்தது. முதல் மூன்று முறை பொறுத்துக்கொண்டேன். இம்முறை அனுப்பியவர் கடல்சார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் என்பதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

அந்தப் படத்தில் இருப்பது பார்ஜ் சுமக்கும் சரக்குக் கப்பல். ஆற்றில் ஓடும் எஞ்சின் இல்லாத தட்டைப் படகுகளை, உள்ளிருக்கும் சரக்கோடு அப்படியே தூக்கிக் கொண்டு கடலைக் கடப்பதுதான் அதன் வேலை. மிசிசிப்பி ஆற்றின் உட்பகுதியில் ஏற்றிய சரக்கை இடையில் ஒருமுறைகூட இறக்கி ஏற்றாமல் ரைன் ஆற்றங்கரை வரை கொண்டு சேர்த்துவிடலாம் என்பது இதன் பின்னால் இருந்த வணிகக் கணக்கு. 1969இல் வந்த 'அகேடியா ஃபாரஸ்ட்' இவ்வகையில் முன்னோடி. அது, பார்ஜ்களைக் கிரேனால் தூக்கி ஏற்றும் லாஷ் முறையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் லைக்ஸ் கப்பல் நிறுவனத்துக்காக மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குவின்சி கப்பல் கட்டும் தளத்தில் 1970களின் தொடக்கத்தில் உருவான மூன்று கப்பல்கள், பார்ஜ்களை லிஃப்டால் ஏற்றும் சீபீ முறையைச் சேர்ந்தவை. 'சீபீ' என்றவுடன் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படையை நினைக்க வேண்டாம். அவர்களுக்கும் இதே பெயர்தான் என்றாலும், கப்பலின் பெயர் கடல் பார்ஜ் என்பதிலிருந்து வந்தது.

இனி, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் கதைக்கு வருகிறேன். இந்தக் கப்பல் மூழ்குவதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும், 'பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்குவதை வீடியோவில் பார்த்தேனே, சார்' என்கிறார்கள். நீங்கள் பார்த்தது லிஃப்டை. சீபீ கப்பலின் பிற்பகுதியில் இரு கைகளைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் அமைப்புக்கு நடுவே ஓர் அகன்ற மேடை உண்டு. அந்த மேடை மட்டும் நீருக்கடியில் இறங்கும்; இழுவைப் படகு இரண்டு பார்ஜுகளை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்தும்; பிறகு மேடை ஏறத்தாழ 2,000 டன் எடையைச் சுமந்தபடி மேலேறி, மூன்று தளங்களில் உரிய தளத்துக்கு நேராக நிற்கும். அங்கிருந்து பார்ஜ்கள் தண்டவாளத்தின் மேல் முன்னோக்கி நகர்த்தப்படும். இவ்வளவு நேரமும் கப்பல் தன் இயல்பான மிதப்பிலேயே இருக்கிறது. எடை ஏறும்போது பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தால் அதைச் சரிசெய்ய பாலஸ்ட் நீர், அதாவது சமநிலைக்காகத் தொட்டிகளில் ஏற்றி இறக்கும் நீர், இருக்கிறது. அது எல்லாச் சரக்குக் கப்பலிலும் அன்றாட வேலை.

உண்மையிலேயே தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் கப்பல்கள் வேறு. 2000ஆம் ஆண்டு ஏடனில் தாக்குதலுக்கு உள்ளான 'கோல்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைச் சுமந்து சென்ற 'ப்ளூ மார்லின்' அப்படிப்பட்டது; அதன் சரக்குத் தளம் முழுவதுமே நீருக்குள் போகும். நம் கடற்படையில் 2007இல் சேர்ந்த 'ஜலாஷ்வா' போன்ற தரையிறக்கக் கப்பல்கள் பின்கதவைத் திறந்து, உள்ளேயே நீரை வரவிட்டு, படகுகளை மிதக்கவிட்டு வெளியே அனுப்புகின்றன. மூன்றையும் ஒன்றாகக் குழப்புவது லாரியையும் கிரேனையும் டிராக்டரையும் ஒன்றென்று சொல்வதற்குச் சமம்.

ஆகவே, அடையாளம் காண விரும்புகிறவர்கள் முதலில் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே லிஃப்ட் மேடை இருந்தால் சீபீ. கப்பலின் முழு அகலத்தையும் தாண்டி நின்று, தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும் பெரிய கேன்ட்ரி கிரேனும், அது பின்பக்கம் நீருக்கு மேலே வந்து நிற்பதற்கான நீட்டுக் கைகளும் இருந்தால் லாஷ். லாஷ் பார்ஜ்கள் சிறியவை, ஒன்றின் நீளம் ஏறத்தாழ 19 மீட்டர். சீபீ பார்ஜ்கள் கிட்டத்தட்ட 30 மீட்டர். சோவியத் ஒன்றியத்தின் கேர்ச் நகரில் கட்டப்பட்டு 1988இல் பணிக்கு வந்த 'செவ்மோர்புத்' அணுசக்திக் கப்பல் என்பதால் அதைப் போர்க்கப்பல் என்று பரப்புகிறார்கள். அது லாஷ் வகையைச் சேர்ந்த வணிகக் கப்பல்.

அப்படியானால் இராணுவத் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. அதுவும் ஒளிவுமறைவற்ற தொடர்பு. கன்டெய்னர் கப்பல்கள் வந்து இந்த வணிகத்தைத் தின்றுவிட்ட பிறகு, லைக்ஸின் மூன்று சீபீ கப்பல்களும் அவசரத் தேவைக்கென்று தயாராக வைக்கப்படும் அமெரிக்க அரசின் ஆயத்த இருப்புக் கப்பல் தொகுதிக்கு வந்து சேர்ந்தன. 'டில்லி லைக்ஸ்' அங்கே 'கேப் மொஹிகன்' ஆனது. காரணம் எளிது. துறைமுகம் இல்லாத, அல்லது சேதமடைந்த கடற்கரைக்குத் தளவாடம் சேர்க்க வேண்டுமென்றால், கரைக்கு ஓடும் படகுகளையும் மிதவைப் பாலத் துண்டுகளையும் முதலில் அங்கே கொண்டுபோயாக வேண்டும். அவற்றை உயரத்தில் தொங்கவிட்டு இறக்குவதைவிட, ஒரு லிஃப்டில் மிதக்கவிடுவது எவ்வளவோ மேல். பீரங்கி ஏதுமின்றி, வணிக மாலுமிகளோடு ஓடும் கப்பல்கள் இவை. அதனால்தான் அவற்றின் பெயருக்கு முன்னே கடற்படைப் போர்க்கப்பலுக்குரிய 'யுஎஸ்எஸ்' இராது. நீராவிக் கப்பல் என்பதைக் குறிக்கும் 'எஸ்எஸ்' மட்டுமே இருக்கும். இந்த ஒரு எழுத்தைக் கவனித்திருந்தாலே பாதி வதந்தி எழுந்திருக்காது.

தயவுசெய்து நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாம்பல் பூச்சு இரண்டு வாரத்தில் ஏறும், இறங்கும். பெயரை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். கை மாறும்போதெல்லாம் பெயர் மாறும். கப்பல்கள் தங்கள் விவரங்களைத் தாமே ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவியின் திரையில் 'சரக்கு' என்று காட்டுகிறதே என்று வாதிடும் இளைஞர்களுக்கு ஒரு தகவல்: அந்த விவரத்தைக் கப்பலில் இருப்பவர்தான் விசைப்பலகையில் தட்டுகிறார். நானே தவறாகத் தட்டப்பட்ட விவரங்களைப் பலமுறை ஆய்வில் திருத்தச் சொல்லியிருக்கிறேன். படம் எடுக்கும் ஆர்வத்தில் துறைமுக வேலியையோ கடற்படைத் தளத்தையோ நெருங்கவும் வேண்டாம். பிறகு காவல் நிலையத்தில் நான் வந்து லாஷுக்கும் சீபீக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

நம்ப வேண்டியது ஐஎம்ஓ எண்ணை, அதாவது ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனியாக உள்ள சர்வதேச அடையாள எண்ணை. கப்பலின் பெயர், கொடி, உரிமையாளர் எது மாறினாலும் அந்த ஏழு இலக்கம் மாறாது. அதை ஒரு தாளில் நீங்களே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கத்தோடு பொருந்த வேண்டும். 9074729 என்ற எண்ணுக்கு 139 வருகிறது. கடைசி இலக்கம் 9, பொருந்துகிறது. அந்த மாணவர் அனுப்பிய படத்தின் கீழும் ஆதாரமென்று ஓர் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். கணக்கிட்டால் 6 வந்தது, எழுதியிருந்ததோ 3. இந்தக் கணக்கை அவருக்கு அனுப்பி வைத்தேன். 'சரிபார்க்கிறேன், சார்' என்று பதில் வந்திருக்கிறது.