பென்யாஸ்கோ சிப்மங்க்: பட்டியலில் ஏறியபின் சட்டம் யாரைக் கட்டுப்படுத்தும்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், துலரோசாப் பாலைநிலத்துக்குக் கிழக்கே சியரா பிளாங்கா சிகரம் 3,600 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. அந்த மலைத்தொடரின் உயரப் புல்வெளிகளில்தான் பென்யாஸ்கோ சிப்மங்க் எஞ்சியிருக்கிறது. முதுகில் கோடுகளும், விதைகளை அடக்கிக்கொள்ளக் கன்னப் பைகளும் உள்ள சிறிய அணில் இது. தெற்கே சாக்ரமென்டோ மலைகளிலும் முன்பு இருந்தது. 1966க்குப் பின் அங்கே உறுதியான பதிவு இல்லை. கீழே நாற்புறமும் வறண்ட நிலம் என்பதால் இன்னொரு மலைக்குப் போய்ப் பிழைக்கவும் வழியில்லை.

2024 டிசம்பரில் அமெரிக்க மீன், வனவிலங்குப் பணித்துறை இதை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்று அறிவித்தது. அடிப்படை, 1973ஆம் ஆண்டின் அழிந்துவரும் உயிரினங்கள் சட்டம். முழு இனமாக இருக்க வேண்டியதில்லை, ஓர் இனத்தின் துணையினத்தையும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கலாம். இது அப்படிச் சேர்ந்த துணையினம்தான். சேர்ப்பதா வேண்டாமா என்பதை அறிவியல் தரவை மட்டும் வைத்தே முடிவு செய்ய வேண்டும், யாருக்கு எவ்வளவு நட்டம் என்று பார்க்கக்கூடாது. 'இன்றியமையா வாழிடம்' எது என்று எல்லை குறிக்கும்போது மட்டும் பொருளாதார விளைவைக் கணக்கில் எடுப்பார்கள்.

அந்த எல்லையைப் பற்றித்தான் அச்சம் அதிகம். வரைபடத்தில் நம் நிலம் விழுந்துவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதாகவே இருக்கும். வாழிட எல்லை கட்டுப்படுத்துவது கூட்டாட்சித் துறைகளை. சொந்த நிலத்தில் சொந்தப் பணத்தில் செய்யும் வேலைக்குக் கூட்டாட்சி அனுமதியோ நிதியோ தேவைப்படாதவரை, அந்த எல்லையால் மட்டும் புதிய நடைமுறை எதுவும் வராது.

துறைகளுக்கான நடைமுறை சட்டத்தின் 7ஆம் பிரிவில் இருக்கிறது. இந்த மலைப்பகுதியிலுள்ள கூட்டாட்சி வனமான லிங்கன் தேசிய வனத்தில் மேய்ச்சல் அனுமதி, பாதை வேலை, அங்குள்ள பனிச்சறுக்கு மைதானத்தில் புதுக் கட்டுமானம் என எதுவானாலும், சிப்மங்க்கைப் பாதிக்கக்கூடும் என்றால் வனத்துறை முதலில் பணித்துறையைக் கலந்தாலோசிக்க வேண்டும். தீங்கு நேர வாய்ப்பில்லை எனப் பணித்துறை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அத்துடன் முடியும். இல்லையென்றால் முறையான ஆலோசனை: 90 நாள், அதற்குமேல் கருத்துரை எழுத 45 நாள். கோப்பில் தகவல் குறைவாக இருந்தால் இந்தக் கணக்கே தொடங்காது. தாமதங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆலோசனை முடியுமுன் திரும்பப் பெற முடியாதபடி பணத்தையோ வளத்தையோ இறக்கிவிடுவதும் விதிமீறல். நெடுங்காலம் தீயை அணைத்தே வந்ததால் பொன்டெரோசாப் பைன் காடு அடர்ந்து, இந்த அணிலுக்கு ஒவ்வாததாகிவிட்டது. அதைச் சீராக்கத் திட்டமிட்டு எரிப்பது அணிலுக்கு நல்லதுதான். அதற்கும் இதே ஆலோசனை உண்டு.

9ஆம் பிரிவு எல்லோருக்கும் பொருந்தும். கொல்வது, பிடிப்பது, துரத்துவது, தொல்லை தருவது எல்லாமே குற்றம். தெரிந்தே செய்தால் 50,000 டாலர் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதே மலையில் சாம்பல்கால் சிப்மங்க்கும் வாழ்கிறது. அதன் உருவம் சற்றுப் பெரிது, ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆகவே 'நான் பிடிக்க நினைத்தது மற்றதை' என்று சொல்லும் நிலைக்கே போகாமல், அந்த உயரத்தில் எந்தச் சிப்மங்க்குக்கும் பொறி வைக்காதீர்கள். ஆய்வுக்காகப் பிடிப்பதற்கும், வேறு வேலையின்போது தற்செயலாக நேரும் தீங்குக்கும் 10ஆம் பிரிவில் தனித்தனி அனுமதிகள் உண்டு. இரண்டாவதற்கு வாழிடப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றையும் இணைக்க வேண்டும்.

ஓர் இனத்தைச் சேர்க்கச் சொல்லி யாரும் மனுப் போடலாம். ஒரு மனுவில் ஓர் இனம்தான். அந்த இனம் வாழும் மாநிலங்களின் வனவிலங்குத் துறைக்கு 30 நாள் முன்பே தெரிவித்திருக்க வேண்டும். முதல் பரிசீலனைக்கு 90 நாள், முடிவுக்கு 12 மாதம் என்கிறது சட்டம். இந்த அணிலுக்கு மனு போனது 2011இல். 2012இல் வந்த பதில், 'தகுதி உண்டு, ஆனால் முன்னுரிமை வேறு இனங்களுக்கு'. பட்டியலில் சேர்ப்பதற்கான முன்மொழிவு 2021இல்தான் வந்தது. அந்தக் காத்திருப்புக் காலம் முழுவதும் 7, 9ஆம் பிரிவுகளின் பாதுகாப்பு அதற்குக் கிடைக்கவில்லை. லாஸ் வேகாஸ் அருகே ஸ்பிரிங் மலைகளில் மட்டுமே வாழும் பால்மர் சிப்மங்க் இந்தக் கூட்டாட்சிப் பட்டியலில் இல்லை. அதனால் மேலே சொன்ன விதிகள் அதற்குப் பொருந்தா.