பயோரியாவா, ஈறு அழற்சியா?

பல் தேய்த்துத் துப்பும்போது ரத்தம் தெரிந்தால் வீட்டில் யாராவது ஒருவர் "பயோரியாவா இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். பல்பொடி விளம்பரங்கள் பரப்பிய சொல் இது. கிரேக்கத்தில் பியோன் என்றால் சீழ், ரோயா என்றால் ஒழுகுதல், சேர்த்தால் சீழ் ஒழுகல். டயரியாவின் பின்பாதியும் இதே ஒழுகல்தான்.

இந்தப் பெயர் நோயின் முற்றிய நிலையைப் பிடித்துக்கொண்டது என்பதுதான் என் குறை. சீழ் வருகிற அளவுக்குப் போனால் ஈறுக்கு உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைய ஆரம்பித்திருக்கும், கரைந்த எலும்பு தானாக வளராது. சீழ் இல்லையே, வெறும் ரத்தம்தானே என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. பல் மருத்துவர்கள் இன்று இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: ஈறோடு நின்றால் ஜின்ஜிவைடிஸ், எலும்பு வரை இறங்கினால் பெரியோடான்டைடிஸ். முதலாவதற்குத் தமிழில் ஈறு அழற்சி. அழல் என்றால் நெருப்பு. சிவந்து வீங்கி, தொட்டாலே வலிக்கிற ஈறுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஈறு என்பது எயிறு என்ற பழைய சொல்லின் மரூஉ என்பார்கள். குறளில் "வாலெயிறு ஊறிய நீர்" என்று வரும் எயிறு பல்லைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழில் ஈறுக்கு முரசு என்று பெயர்.

சரி, ரத்தம் ஏன் வருகிறது? பெரும்பாலும் பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படிகிற கிருமிப் படலத்தால்தான். நகத்தால் சுரண்டினால் வெளுப்பாக, பிசுபிசுவென்று வருமே, அதுதான். 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லாருக்குமே ஈறு அழற்சி வந்தது, திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் சில நாட்களில் ஈறு பழையபடி ஆகிவிட்டது. அதனால் ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்க்காதீர்கள், அங்கேதான் படலம் கூடும். மென்மையான பிரஷ்ஷை ஈறின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் தேய்த்தால் போதும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் வலிக்கு இதம், ஆனால் படலத்தை அது எடுக்காது.

படலம் இறுகிக் காரையாகிவிட்டால் எந்த பிரஷ்ஷுக்கும் வராது, பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்று பயப்படுகிறார்கள். காரை அடைத்திருந்த இடம் காலியாவதால் சந்து தெரிகிறது, அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். இதில் புகைபிடிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், உள்ளே நோய் வளர்ந்தாலும் ரத்தம் காட்டாது.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சீக்கிரம் வீங்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் ஈறு நோய் வேகமாக முற்றும். நன்றாகத் துலக்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் வந்தால் பல் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோடு ஈறில் ரத்தம் கசிந்தால் டெங்குவாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.